வீட்டில் பார்த்தவர் கையொப்பம்

பிப்ரவரி 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போய் வருகிறேன். இதற்குப் பெயர் நலம் என்றால் நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரல் அச்சு அசல் உன் அண்ணன் குரலாக இருக்கிறது. நீ 'ஹலோ' என்றதுமே போனை வைத்துவிடத் தோன்றுகிறது. அவர் போய் ஒரு மாதம் முடிவதற்குள் நீயும் மாற்றல் வாங்கிக்கொண்டு ரயிலில் ஏழு மணி நேரத் தூரத்துக்குப் போய்விட்டாய். குறை சொல்லவில்லை. பல்செட் செய்கிற இடத்தில் அப்படி என்ன அவசரம் என்றுதான் கேட்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவரோடு வேலை செய்த வயர்மேன் போன வாரம் அவருடைய டூல்ஸ் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக் பையில் என்ன இருக்கும்? ஸ்பேனர், டார்ச், கிரீஸ் துணி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டம் போட்ட நோட்டு. கட்டத்துக்கு ஒன்றாக ஜப்பான் எழுத்து, பக்கத்தில் பொடியாகத் தமிழில் அர்த்தம். மலை, ஆறு, வாய், கண். உன் அண்ணன் கைதான். மளிகைச் சீட்டைக்கூடக் கோழி கிளறியது போல எழுதுகிற மனிதர், இதை அச்சடித்தது போல எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஒரு பெட்டி. 'வீட்டில் பார்த்தவர் கையொப்பம்' என்று அச்சிட்டிருக்கிறது. அதில் நத்தை சுருண்டது போல ஒரு கிறுக்கல். எல்லாப் பக்கத்திலும் அதே நத்தை. இந்த வீட்டில் பார்ப்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். நான் பார்க்கவில்லை.

வயர்மேனிடம் பேச்சுவாக்கில், "செவ்வாயும் வெள்ளியும் ஓவர்டைம் பார்த்துப் பார்த்தே நெஞ்சு கெட்டுப்போச்சு இவருக்கு" என்றேன். அவர் விழித்தார். "ஓவர்டைமா? அதை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சே அக்கா" என்றார்.

சலவைக்கடை கவுன்டரில் ஊரார் சட்டைப் பையையெல்லாம் துழாவுவதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக்காரர் பையை ஒரு நாளும் துழாவியதில்லை. உனக்கு ஏதாவது தெரியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி

•

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முதுகு பரவாயில்லை.

இங்கே லேபில் வேலை நெரிகிறது. ஒரு பெரியவருக்கு மேல்வரிசை முழுவதும் கட்டினேன். 'என் பழைய பல்லில் இருந்த மஞ்சள் இதில் இல்லையே' என்று திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளையாகக் கேட்டுத்தான் எல்லாரும் உயிரை எடுப்பார்கள், இவர் மஞ்சள் கேட்கிறார். மெழுகிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறேன்.

நோட்டு விஷயம், கம்பெனியில் ஏதாவது பயிற்சி வைத்திருப்பார்கள். கையெழுத்தை உடன் வேலை செய்கிறவர் யாராவது போட்டிருப்பார். அதையே நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அது வீட்டில் இருந்தால் மனம் அதிலேயே நிற்கும். எனக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள், நான் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாப்பா

•

மார்ச் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உனக்கு அந்த மஞ்சள்பல் பெரியவர் சரிப்பட்டு வந்தாரா?

நோட்டை அனுப்பவில்லை. படிக்கத் தொடங்கிவிட்டேன். சிரிக்காதே. இந்த எழுத்துக்குப் பெயர் கஞ்சியாம், மொத்தம் எண்பது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார். ஐம்பத்தேழோடு நின்றிருக்கிறது. கோடு எதில் தொடங்கி எதில் முடிய வேண்டும் என்று ஒன்று, இரண்டு, மூன்று நம்பரும் போட்டிருக்கிறார். அதனால் யாரையும் கேட்காமல் நானே எழுதிப் பார்க்க முடிகிறது.

ஒன்றுக்கு ஒரு கோடு. இரண்டுக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. இவ்வளவுதானா என்று தைரியம் வந்தது. நான்கில் குப்புறத் தள்ளிவிட்டார்கள், ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு கால். வாய் என்பதும் பெட்டிதான், ஆனால் காலி. பெண் என்பதற்கு மூன்றே கோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நமக்கு எங்கே அதற்கு நேரம்?

சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் பேச ஆள் இல்லை. டிவியைப் போட்டால் அது நம்மைப் பார்த்துப் பேசுவதில்லை. இதில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். சில பக்கங்களில், அவர் எழுதிய வரிக்குக் கீழே பென்சிலில் மங்கலாக வேறு ஒரு கை அதே எழுத்தை எழுதிப் பார்த்திருக்கிறது. கற்றுக்குட்டிக் கை. பெண் கை என்று எனக்குத் தோன்றுகிறது. யாரோ அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவர் பென்சிலையே வாங்கி எழுதியிருக்கிறாள், பாப்பா. பதினெட்டு வருஷத்தில் அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எதையும் கற்றுக்கொடுத்ததில்லை.

அவர் யார் வீட்டுக்குப் போனார் என்று தெரியாமல் எனக்குத் துக்கம்கூட ஒழுங்காக வரமாட்டேன் என்கிறது. அழ உட்கார்ந்தால் கோபம் வருகிறது. கோபப்பட்டால் போட்டோவைப் பார்த்து அழுகை வருகிறது.

பதில் போடு.

உன் அண்ணி

•

ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நோட்டின் பின்னட்டையில் முத்திரை இருந்தது. அந்த விலாசத்துக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு மாடி, பத்துப் பதினைந்து நாற்காலி. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜப்பான் மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பைக்கில் வந்து படித்துவிட்டுப் போவாராம். லிஃப்ட் வேலை, மூன்று வருஷம், அவர் பெயர் தேர்வாகிவிட்டதாம். எண்பது எழுத்து முடித்தால் பயணம்.

டீச்சர் நல்ல மாதிரி. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அது? வீட்டுல ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும்னு நான்தான் சட்டம் வச்சேன். இல்லாட்டி யாரும் எழுதறதில்லை. உங்க வீட்டுக்காரர் ஒரு நாள் தவறினதில்லை. வீட்டம்மாதான் பார்க்கிறா, அவளும் கூடவே எழுதிப் பழகறான்னு சொல்லுவார்" என்றார்.

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? ஐந்து வருஷத்துக்கு முன் இப்படி ஒரு வேலை வந்தபோது நான் வீட்டையே இரண்டாக்கினேன். "நீங்க திரும்பி வரும்போது இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்" என்றேன். கோபத்தில் சொன்னது. அதைப் போய் மனதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

என்னிடம் சொல்லாமலேயே போகப் பார்த்தாரா? போவதற்கு முன் சொல்லியிருப்பாரா? இது ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

அண்ணி

•

மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். காய்ச்சல், பிறகு வேலை, பிறகு மறுபடி காய்ச்சல். இப்போது தேவலை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. இதை மட்டும் நம்புங்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இங்கே வெயில் அதிகம்.

பாப்பா

•

ஜூன் 9

பாப்பாவுக்கு,

வெயிலைப் பற்றி எழுத எட்டு வாரம் எடுத்துக்கொண்டாய். போகட்டும். உன் காய்ச்சல் விட்டதா?

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். எங்கள் கடையில் துணியை வாங்கிப் போகிறவர்கள் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதமாக ஒவ்வொரு பெண் போடுகிற கையெழுத்தையும் நோட்டில் இருக்கிற நத்தையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்றுதானே நினைக்கிறாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனால் நிறுத்த முடியவில்லை. பழைய சீட்டுக் கட்டுகளைக்கூட மத்தியானத்தில் பிரித்துப் பார்த்தேன்.

போன சனிக்கிழமை கிடைத்துவிட்டது. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்கிற பெண், இரண்டு கோட்டும் ஒரு திரைச்சீலையும் சலவைக்குப் போட்டிருந்தாள், வாங்க வந்து கையெழுத்துப் போட்டாள். அதே சுருள், அதே வால். கவுன்டரில் ஆறு பேர் நிற்கிறார்கள். "என் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்குத்தான் வருவாரா?" என்று கேட்டுவிட்டேன். அவள் புருஷன் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவளைப் பார்த்தான். அவள் முகம் வெளுத்துப்போனதை நீ பார்த்திருக்க வேண்டும். திரைச்சீலையை அப்படியே விட்டுவிட்டு அழுதுகொண்டே போய்விட்டாள்.

முதலாளி என்னைக் கவுன்டரிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது உள்ளே இஸ்திரி அறையில் நிற்கிறேன். அங்கே நீராவிச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது.

அவள்தானா, இல்லையா, இன்னும் எனக்குத் தெரியவில்லை. நாளை அவள் வேலை செய்கிற இடத்துக்கே போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

அண்ணி

•

ஜூன் 13

அண்ணிக்கு,

போகாதீர்கள். போயிருந்தால் திரும்பிப் போய் மன்னிப்புக் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அந்தக் கையெழுத்து என்னுடையது. பென்சிலில் எழுதியதும் நான்தான்.

செவ்வாயும் வெள்ளியும் ஆறு மணிக்கு என் அறைக்கு வருவார். மடக்கு மேசையைப் போட்டு எழுதுவார். எட்டு மணிக்குக் கிளம்புவார். உங்களிடம் சொன்னால் மறுபடி வீடு இரண்டாகும் என்று பயந்தார். 'அண்ணிக்கிட்ட மூச்சு விடக்கூடாது' என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் வேறு பெண் என்று எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஆனால் நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் போக அவர் நினைக்கவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னார், வருகிற ஞாயிறு உங்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக. சனிக்கிழமைதான் அப்படி ஆகிவிட்டதே.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

பாப்பா

•

ஜூலை 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. திட்டுவதற்காக நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குத் திரைச்சீலையை நானே கொண்டுபோனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் புருஷன் உள்ளேயிருந்து, "காபி குடுத்து அனுப்பு" என்றான். குடித்துவிட்டு வந்தேன். இஸ்திரி அறையிலிருந்து இன்னும் என்னை மாற்றவில்லை, அது எனக்கு வேண்டும்தான்.

நீ எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே குடியிருக்கிறேன். ஒரு நாள் தவறிவிட்டது, அவ்வளவுதானே. அவர் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன். இரண்டு நாள் பேசியிருக்க மாட்டேன். மூன்றாம் நாள் அவருடைய பயணப் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போயிருப்பேன். எல்லாவற்றையும் மனதிலேயே நடத்திப் பார்த்துவிட்டேன்.

அவர் நின்ற ஐம்பத்தேழைத் தாண்டிவிட்டேன். மீதியை டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஆளும் மரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஓய்வு என்று அர்த்தம். வாரநாட்களும் முடிந்தன. செவ்வாய்க்கு நெருப்பு, வெள்ளிக்குப் பொன், ஞாயிறு நமக்கு இருப்பது போலவே சூரியன்.

ஒன்று கேட்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் அதை எப்படிச் சொன்னார்? எந்த வார்த்தையில் சொன்னார்? உட்கார்ந்துகொண்டா, கிளம்பும்போதா? ஒன்று விடாமல் எழுது.

உன் அண்ணி

•

செப்டம்பர் 30

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் கட்டியது. பல் கட்டுகிறவள், பொய்யும் கட்டினேன். நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையில் குடியிருக்கிறேன் என்று எழுதியதைப் படித்த பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதமாக உங்களுக்கு எழுத, அவர் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகளைத் தேடினேன். நன்றாகவே வந்தன. அதனால்தான் பயந்துபோய் நிறுத்தினேன்.

'அண்ணிக்கிட்டச் சொல்லிட்டியா?' என்று நான் கேட்டது ஒரே ஒரு முறை. "டிக்கெட் கைக்கு வரட்டும் பாப்பா" என்றார். நான் சரி என்றேன். சத்தியமும் வாங்கவில்லை, ஒன்றும் இல்லை. நானேதான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அவர் உங்களிடம் சொல்லிவிட்டால் உங்கள் மேசையில் உட்கார்ந்து படிப்பார். என் அறைக்கு ஏன் வரப் போகிறார்? எனக்கு நாற்பத்தொரு வயது, இன்னும் எல்லாருக்கும் பாப்பா. காலையில் லேபுக்குப் போனால் மெழுகும் பல் அச்சு எடுக்கிற மாவும்தான். யாருடைய வாயோ என் கையில் இருக்கும், ஒரு வாயும் பேசாது. அண்ணன் வருவதற்கு முன் எனக்குச் செவ்வாயும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான். அவர் வரத் தொடங்கிய பிறகு இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கினேன்.

அவர் எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான்தான் காரணம். சரியாக எழுதியிருந்தாலும், "கோணலா இருக்கு, இன்னொரு வரி எழுது" என்பேன். பத்து நிமிஷம் கூட இருப்பாரே என்று. ஒரு நாளைக்கு ஓர் எழுத்துக்கு மேல் போக விடமாட்டேன். எண்பது முடிந்தால் போய்விடுவாரே. உங்களுக்குச் சேர வேண்டிய நேரத்தைத்தான் அப்படி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியும். தெரிந்தே செய்தேன். அவர் போனதும் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் இந்த ஊருக்கு ஓடிவந்தேன்.

கடைசி வெள்ளிக்கிழமை அவர் என் அறைக்கு வரவே இல்லை. எட்டு வரை டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போனும் இல்லை. சனிக்கிழமை காலை நானாவது பேசியிருக்கலாம். கோபத்தில் பேசவில்லை. மத்தியானம் உங்களிடமிருந்து போன் வந்தது.

பாப்பா

•

அக்டோபர் 12

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கோபத்தில் விசாரிக்க மனமில்லை, இருந்தாலும் கேட்கிறேன், முதுகு எப்படி இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை அவர் உன்னிடம் வரவில்லை என்பது எனக்கு ஜூலையிலேயே தெரியும். பக்கத்துக்குப் பக்கம் மூலையில் கிழமையை அந்த எழுத்திலேயே எழுதியிருக்கிறார். நெருப்பு 火, பொன் 金, மறுபடி 火, 金 என்று மாறி மாறி வருகிறது. கடைசிப் பக்கத்தில் 火. செவ்வாயோடு நின்றுவிட்டது. வாரநாட்களைப் படித்த அன்றே அதைப் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகுதான் 'எப்படிச் சொன்னார்' என்று உன்னைக் கேட்டேன். இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வாய், அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று பார்த்தேன். நீ திடீரென்று இவ்வளவு யோக்கியமாவாய் என்று எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் வீட்டில் இருந்தார். வரும் வழியில் உன்னிடம் ஒரு நிமிஷம் நின்று சொல்லிவிட்டு வந்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டேன். ஆறே காலுக்கு வந்து நின்றார். "இன்னிக்கு ஓவர்டைம் இல்லை" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வர்றதை ஒரு போன் பண்ணிச் சொல்லக்கூடாதா, இப்பத்தான் தரையைத் துடைச்சேன், அங்கேயே நில்லுங்க" என்றேன். தரை காயும் வரை வாசலிலேயே நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, "நீயும் கொஞ்சம் உட்காரேன்" என்றார். "வேலை கிடக்கு" என்று உள்ளே போய்விட்டேன். என்ன பெரிய வேலை, துவைத்த துணியை மடித்தேன். நாள் முழுவதும் ஊரார் துணியை மடித்துவிட்டு வந்து மறுபடியும் அதே. திரும்பி வந்து பார்த்தபோது நாற்காலியிலேயே தூங்கியிருந்தார்.

சொல்லத்தான் வந்தாரா, சும்மா அலுப்பில் வந்தாரா, எனக்குத் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். சொல்ல வேறு ஆள் இல்லை.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இனி எனக்கு எழுதாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவருடைய ஐம்பத்தேழு மாலை உன்னிடம் இருக்கிறது. அத்தனையும் இல்லாவிட்டாலும் ஞாபகம் இருக்கிற வரை, ஒரு கடிதத்துக்கு ஒன்றாக எனக்கு எழுது. என்ன சட்டை போட்டிருந்தார், எதற்குச் சிரித்தார், என்னைப் பற்றி என்ன குறை சொன்னார், எல்லாம் எழுது. பொய் கலக்காதே. ஒரு மாலையில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுது.

உன் அண்ணி